உறுமலை நிறுத்திய ஓப்பெத்தும் கரையோரத்து மூன்று ரசிகர்களும்

2024 நவம்பரில் ஓப்பெத் என்ற மெட்டல் இசைக்குழுவின் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஆல்பம் வெளியானபோது, மெட்டல் கேட்பவர்கள் அதன் கதையைப் பற்றி முதலில் பேசவில்லை. அதில் புல்லாங்குழல் வாசித்துக் குரலும் கொடுத்திருக்கும் ஜெத்ரோ டல் ராக் குழுவின் இயன் ஆண்டர்சனைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஓப்பெத்தின் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் மறுபடியும் உறுமுகிறார் என்பதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2008-இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு நான்கு ஆல்பங்களில் அந்த உறுமல் இல்லை. அந்த நான்கும் வந்த காலம் முழுவதும், ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில், கீழக்கரையில் ஒருவரும் தங்கச்சிமடத்தில் ஒருவனும் உச்சிப்புளியில் நானுமாக, உறுமலை நிறுத்தியது சரியா என்ற ஒரே சண்டையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தோம். உறுமல் திரும்பி வந்ததும் அந்தச் சண்டை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மெட்டல் கேட்காதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படும். ஓப்பெத் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் தோன்றிய குழு. முதல் ஆல்பம் ‘ஆர்க்கிட்’ 1995-இல் வந்தது. டெத் மெட்டல் என்னும் வகையின் கடுமையான கிதாரும் உறுமலும் ஒரு பக்கம், அக்கூஸ்டிக் கிதாரில் மெல்லப் பாடும் நாட்டுப்புறச் சாயல் மறுபக்கம் என இரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்து, பத்து நிமிடத்துக்கும் நீளும் பாடல்களை அவர்கள் எழுதினார்கள். ரசிகர்கள் ‘க்ரௌல்’ என்று சொல்லும் அந்த உறுமல், தொண்டை கிழியக் கத்துவதால் வருவதில்லை. நாம் பேசும்போது அதிரும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே போலிக் குரல்நாண்கள் என்ற மடிப்புகள் இருக்கின்றன. மூச்சை அளந்து விட்டு அவற்றையும் சேர்த்து அதிரவைப்பதால் எழும் ஒலி அது. பயிற்சியில்லாமல் முயன்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். உலகில் அதை மிக ஆழமாகவும், ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி தெளிவாகவும் செய்யத் தெரிந்த சிலருள் ஓக்கர்ஃபெல்ட் ஒருவர் என்பதில் எங்கள் மூவருக்கும் என்றைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அந்தக் குரல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2005-இல் வந்த ‘கோஸ்ட் ரெவரீஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டே போதும். ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’ என்ற அந்தப் பாட்டு, யாரோ பக்கத்து அறையில் கிதாரைச் சுருதி பார்ப்பதுபோல் சில நொடிகள் மெல்லத் தொடங்கும். ஒலி போதவில்லையோ என்று கை வால்யூமைத் தேடும் நேரத்தில் டிரம்ஸும் கிதாரும் உறுமலும் ஒன்றாக வந்து விழும். பிறகு அதே மனிதர், அதே பாட்டில், கோயில் பாடகர் குழுவில் நிற்பவர்போல் தெளிவாகப் பாடுவார். மறுபடி உறுமுவார். ஊரில் ஒரு நாள் இந்தப் பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அப்பத்தா சற்றுக் கவனித்துவிட்டு, “யாருக்குடா சாமி வந்திருக்கு?” என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாமியாட்டக் களரிகளில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற, சற்று முன்வரை பீடி குடித்துக்கொண்டு நம்மிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்த மனிதர் வேறொரு குரலில் பேசத் தொடங்குவார். அந்தக் குரலுக்கு நாம் பயப்படுவது அது கரகரப்பாக இருப்பதால் மட்டும் இல்லை. அவருடைய சாதாரணக் குரல் நமக்குத் தெரியும் என்பதாலும், சற்று நேரத்தில் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்தச் சாதாரணக் குரலுக்கே திரும்பிவிடுவார் என்பதாலும்தான். ஓப்பெத் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட அப்பத்தாவின் கேள்வி சரியாக இருந்தது.

எங்கள் கரையில் மெட்டல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைக்கோ மதுரைக்கோ படிக்கப் போன பையன்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த எம்பி3 சீடிக்களிலும் பென்டிரைவ்களிலும்தான் அது வந்தது. லிங்கின் பார்க்கின் ‘ஹைப்ரிட் தியரி’யும் மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பமும் இல்லாத பென்டிரைவே கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1991-இல் அந்தக் கறுப்பு ஆல்பம் வந்தபோது, மெட்டாலிகாவின் பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதைத் துரோகம் என்றே சொன்னார்கள். பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து வேகத்தைக் குறைத்தார்கள், பாடல்களைச் சுருக்கினார்கள், ரேடியோவுக்கு ஏற்றபடி மாறிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 1996-இல் ‘லோட்’ வந்தபோது முடியைக் கத்தரித்துக்கொண்டதுகூடக் குற்றப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உச்சிப்புளியில் இருந்த எனக்கு, அந்தத் துரோகம்தான் மெட்டலுக்குள் நுழைவதற்கான வாசலாக இருந்தது. அவர்களுடைய பழைய ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ முதலில் என் கைக்கு வந்திருந்தால் பாதியிலேயே நிறுத்திவிட்டு இளையராஜாவுக்குப் போயிருப்பேன். ஒரு தலைமுறை கோபித்துக்கொண்டு வெளியேறும் ஆல்பத்தின் வழியாக அடுத்த தலைமுறை உள்ளே வருவது மெட்டலில் அடிக்கடி நடப்பது. இதைச் சொன்னால் காக்காவுக்குப் பிடிக்காது.

காக்கா (அண்ணன்) என்று நான் சொல்வது கீழக்கரைக்காரரை. என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் தம்பி என் வகுப்புத் தோழன் என்பதால் அவன் அழைப்பதுபோல் நானும் காக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டேன். 2009-இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு ஓப்பெத் வந்தபோது, அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் நேரில் பார்த்தவர். அந்த ஒரு மாலை எங்கள் மூவருக்குள் அவருக்கு நிரந்தரமான ஒரு மேலிடத்தைக் கொடுத்திருக்கிறது; விவாதத்தில் தோற்கும் நேரத்தில் எல்லாம், “நீங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்தீங்களா?” என்று கேட்டு முடித்துவிடுவார். பிறகு துபாய்க்குப் போனார். அசல் சீடிக்களை அங்கிருந்து வாங்கி வருவார்.

உறுமல் இல்லாத நான்கில் முதலாவதான ‘ஹெரிட்டேஜ்’ 2011 செப்டம்பர் மத்தியில் வந்தது. அந்த வாரம் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் பாட்டுக் கேட்கும் மனநிலை இருந்திருக்காது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எங்கும் பதற்றம். எல்லோரும் வீட்டோடு இருந்தார்கள். பெருநாள் விடுப்பில் வந்திருந்த காக்கா பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார். நிலைமை சற்று அடங்கிய பிறகு ஒரு மாலை கீழக்கரை ஜெட்டி அருகே அவருடைய காரில் உட்கார்ந்து, இணையத்திலிருந்து இறக்கிய அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டோம். தலைப்புப் பாட்டு வெறும் பியானோ. கிதாரும் இல்லை, குரலும் இல்லை. காக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு, ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷ’னில் விழுந்ததுபோல் இடி விழும் என்று காத்திருந்தார். இரண்டாவது பாட்டான ‘தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ வேகமாகவே தொடங்கியது; ஆனால் கிதாரில் அந்தப் பழைய கனம் இல்லை, ஹாமண்ட் ஆர்கன் முன்னால் நின்றது, குரல் தெளிவாகவே இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று போகப் போக, அடுத்த பாட்டில் உறுமுவார், அடுத்த பாட்டில் உறுமுவார் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். பத்துப் பாட்டும் முடிந்தன. காக்கா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுக்கு நான் ஓப்பெத்தையா கேக்கணும்? எழுபதுகள்ல வந்த பழைய பாட்டையே போட்டுக் கேட்டுட்டுப் போறேன்.”

அட்டைப்படத்தைப் பற்றியும் அவரிடம் ஒரு வசனம் இருந்தது. ட்ராவிஸ் ஸ்மித் வரைந்த அந்த அட்டையில் ஒரு மரம் நிற்கிறது. குழுவினரின் முகங்கள் அதில் பழங்களாகத் தொங்குகின்றன. குழுவை விட்டு விலகிய கீபோர்டு கலைஞர் பெர் வீபர்க்கின் முகம் மட்டும் கிளையிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. காக்கா அதைக் காட்டி, “அது வீபர்க் இல்ல தம்பி, நாமதான்” என்றார்.

இந்த இடத்தில் ‘ஹெரிட்டேஜ்’ மீதான கோபத்துக்கு ஒரு விசித்திரமான சிக்கல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். மெட்டல் ரசிகர்களிடம் பாணி மாறும் குழுவைத் திட்டுவதற்குத் தயாராக ஒரு வசை இருக்கிறது: காசுக்கு விலைபோய்விட்டார்கள். மெட்டாலிகா மீது வீசப்பட்டது அதுதான். ஓப்பெத்தின் மீது அதை வீசிப் பார்த்தால் ஒட்டவில்லை. மெல்லோட்ரான் என்னும் பழைய கீபோர்டும் புல்லாங்குழலும் கொண்டு, எட்டு நிமிடம் ஓடும், பல்லவி எது என்றே பிடிபடாத பாடல்களை 2011-இல் எழுதியவன் ரேடியோவுக்கு ஆசைப்பட்டு எழுதினான் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வாட்டர்ஷெட்’ பாணியிலேயே இன்னொன்று செய்திருந்தால் ஆயிரக்கணக்கானோர் கேள்வி கேட்காமல் வாங்கியிருப்பார்கள். அந்தப் பாணியில் தொடங்கிய பாடல்களைத் தானே ஒதுக்கிவிட்டுத்தான் ‘ஹெரிட்டேஜ்’ எழுதியதாக ஓக்கர்ஃபெல்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, ரசிகனிடம் நேர்மையின்மை என்ற வழக்கு இல்லை. எனக்குப் பிடித்தது போய்விட்டது என்ற வருத்தம் மட்டும்தான் கையில் இருக்கிறது. வழக்கு இல்லாத வருத்தம் பெரிய சங்கடம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாமல், ஆனால் ஆறவும் முடியாமல், காக்கா ஆண்டுக்கணக்கில் அந்த ஆல்பத்தைக் குறை சொல்லப் புதுப்புதுக் காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தார். கிதார் மெலிந்துவிட்டது என்பார். பாடல்கள் துண்டுகளை ஒட்டியதுபோல் இருக்கின்றன என்பார். இரண்டாவது குறையில் உண்மை உண்டு. ‘ஹெக்ஸ்ப்ரோசெஸ்’ என்ற பாட்டில் ஒரு பகுதி முடிந்து மௌனம் விழுந்து அடுத்தது தொடங்கும்போது, இரண்டுக்கும் நடுவில் இருந்த எதையோ வெட்டிவிட்டார்களோ என்று எனக்கும் இன்றுவரை தோன்றுகிறது.

தங்கச்சிமடத்து நண்பன் இந்தச் சண்டைக்குள் வந்தது வேறு வழியில். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிப்பவன். வீட்டில் விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவனுக்குக் கையில் நேரம் கிடைக்கும். கிதாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். அவனுக்கு ஓப்பெத் அறிமுகமானதே ‘ஹெரிட்டேஜ்’ வழியாகத்தான். உறுமல் அவனுக்குப் பழக்கமும் இல்லை, தேவையும் இல்லை. தங்கச்சிமடத்தில் தெருவுக்கு ஒரு மிக்கேல் உண்டு என்பதால் ஓக்கர்ஃபெல்டை அவன் ‘மிக்கேலண்ணன்’ என்றுதான் சொல்வான், ஏதோ வேர்க்கோட்டில் இருக்கும் சொந்தக்காரர்போல. காக்கா குறை சொல்லும்போதெல்லாம் அவன் என் பக்கம் திரும்பி, “மச்சான், காக்காவுக்கு அடிதடி வேணும். இதுல டிரம்ஸ்காரன் என்ன பண்றான்னு ஒரு தடவ கேளு” என்பான்.

அவன் சொல்லித்தான் நான் மார்ட்டின் ஆக்ஸன்ராட்டின் டிரம்ஸைக் கவனித்துக் கேட்டேன். முந்தைய ஆல்பங்களில் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை இயந்திரத் துப்பாக்கிபோல் மிதித்தவர், இங்கே ஜாஸ் வாசிப்பவர்போல் சிம்பலின் ஓரத்தைத் தட்டிக்கொண்டு, ஒலிகளுக்கு இடையே காற்றோட்டம் விட்டு வாசிக்கிறார். ‘ஃபேமின்’ என்ற பாட்டு கைத்தாளங்களில் தொடங்குகிறது; அதை வாசித்தவர் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் இருந்த அலெக்ஸ் அக்குன்யா. பிறகு ஒரு தனிப் பியானோ. அதன் பிறகு, கேட்பவன் எதிர்பாராத இடத்தில், கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) ஒன்றின் மேல் ஸ்வீடனின் பியொர்ன் யெய்சன் லிண்டின் புல்லாங்குழல் ஏறிச் சீறுகிறது. நண்பன் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, “இது உறுமல் இல்லையா? வாயால உறுமுனாத்தானா?” என்று கேட்பான். நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஆல்பத்தில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. ‘ஸ்லிதர்’ என்ற பாட்டு, 2010-இல் மறைந்த மெட்டல் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவுக்குச் செலுத்திய மரியாதை; மரியாதை என்ற அளவில் சரி, பாட்டு என்ற அளவில் நான் தாண்டிப்போகும் பாட்டு.

இருவருக்கும் நடுவில் எனக்கென்று ஒரு கருத்து உருவாகச் சில ஆண்டுகள் ஆயின. காக்கா இழந்ததாகச் சொல்வது கனத்தை. நான் இழந்தது கனத்தை இல்லை என்று நினைக்கிறேன். இதற்கு ஓப்பெத்தின் சொந்த வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 2003-இல் அவர்கள் ‘டாம்னேஷன்’ என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் ஒரு உறுமல்கூட இல்லை. கிதாரில் டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பும் ஏறத்தாழ இல்லை. ‘ஹெரிட்டே’ஜைவிட மென்மையான ஆல்பம் அது. அதைக் கேட்டு யாரும் குழுவை விட்டுப் போகவில்லை. காக்காவே அதை உயிராக மதிப்பவர். காரணம், அதே காலத்தில் பதிவு செய்யப்பட்ட ‘டெலிவரன்ஸ்’ 2002 நவம்பரில் முன்னதாக வந்திருந்தது. அது அவர்களுடைய மிகக் கடுமையான ஆல்பங்களுள் ஒன்று. ஒரு கையில் இரும்பும் மறு கையில் பஞ்சும் இருந்ததால், பஞ்சின் மென்மை தனியாகத் தெரிந்தது. ‘டாம்னேஷ’னைக் கேட்கும்போது அதன் பின்னால் உறுமாத உறுமல் ஒன்று காத்திருப்பது கேட்பவனுக்குத் தெரியும். ‘ஹெரிட்டே’ஜில் அந்த இன்னொரு குரல் வீட்டை விட்டே போய்விட்டது. அதனால் மென்மையும் முன்பு இருந்ததைவிடச் சற்றுச் சாதாரணமாகிவிட்டது. அவருடைய தெளிவான குரல் தரத்தில் குறையவில்லை, சொல்லப்போனால் மேம்பட்டது. ஆனால் ‘தி டிரேப்பரி ஃபால்ஸ்’ என்ற அவர்களுடைய பழைய பாட்டில் அதே தெளிவான குரல் வரும்போது நெஞ்சில் விழுந்த எடை, பக்கத்தில் உறுமல் இருந்ததால் வந்தது. சாமியாடி ஒருவர் இனிச் சாமியாட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால், அவர் பீடி குடித்துக்கொண்டு பேசும் சாதாரணப் பேச்சையும் நாம் முன்புபோல் கவனித்துக் கேட்பதில்லை.

இதை நான் சொன்னபோது காக்கா மகிழ்ந்தார், தன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று. நண்பன் கேட்டான்: “அப்ப ஆடுறவரு காலம் முழுக்க ஆடிக்கிட்டே இருக்கணுமா, உனக்காக?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதின்வயதில் தொடங்கிய ஒரு வேலையை முப்பத்தேழு வயதில் நிறுத்திக்கொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அதற்காக ரசிகனின் ஏமாற்றம் பொய்யாகிவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதால்தான் இந்தக் குழப்பமான மனநிலையை முடிவெடுக்கத் தெரியாதவனின் தடுமாற்றமாக நான் பார்ப்பதில்லை. கேட்ட இரண்டையும் ஒழுங்காகக் கேட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் கூடுதலாக உறைத்ததற்குத் தூரமும் ஒரு காரணம். ‘ஹெரிட்டேஜ்’ வெளியான கையோடு போன சுற்றுப்பயணத்தில் உறுமல் உள்ள பழைய பாடல்களைத் தவிர்த்தார்கள். அரங்கத்தில் கூச்சல் எழுந்தது. ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மேடையில் ஓக்கர்ஃபெல்ட் பழைய பாடல்களை உறுமலோடு பாடிக்கொண்டுதான் இருந்தார். லண்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ இருக்கும் ரசிகனுக்குப் புதிய ஆல்பம் பிடிக்காவிட்டாலும், அடுத்த ஆண்டு மேடையில் பழைய ஓப்பெத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ராமநாதபுரத்தில் இருப்பவனுக்கு அந்தக் குழு என்றால் காதில் மாட்டிய ஹெட்ஃபோன் மட்டும்தான். 2019-இல் அவர்கள் புனே வரை வந்தார்கள். எங்களில் யாருக்கும் போக வாய்க்கவில்லை. பதிவில் ஒரு குரல் நின்றுவிட்டால் எங்களைப் பொறுத்தவரை அந்தக் குரல் உலகத்திலேயே நின்றுவிட்டது.

பாணி மாறினால் சண்டை என்பது மெட்டலுக்கு மட்டும் உரியதில்லை. சேதுபதியின் ஆதரவில் இருந்த ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மாணவர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். விரிவான ராகம் தானம் பல்லவியைச் சுருக்கி, வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகளை விறுவிறுப்பாகப் பாடித் துக்கடாக்களில் முடிக்கும் கச்சேரி முறையை நிலைபெறச் செய்தவர் அவர். இன்று அந்த முறையிலிருந்து யாராவது விலகினால் மரபு மீறல் என்கிறார்கள். நம் ஊர்க் குருவின் சீடர் செய்த மாற்றமே மரபாகிவிட்டதைக் காக்காவிடம் எடுத்துச் சொன்னேன். “அவரு பாடுறத நிறுத்தலையேடா” என்றார். விவாதத்தில் காக்கா எப்போதும் சோடை போனதில்லை.

இடையில் வந்த ஆல்பங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2014-இன் ‘பேல் கம்யூனியன்’ நல்ல ஆல்பம். ‘ஹெரிட்டே’ஜில் தேடிக்கொண்டிருந்ததை அதில் கண்டுபிடித்துவிட்டார்கள். 2016-இன் ‘சோர்சரஸ்’ எனக்கு ஒட்டவில்லை. 2019-இன் ‘இன் கௌடா வெனெனும்’ ஸ்வீடிஷ், ஆங்கிலம் என இரண்டு மொழிகளிலும் வந்தது. ஸ்வீடிஷ் பதிப்பைத்தான் நான் கேட்கிறேன். ஆங்கிலப் பாட்டின் வரிகளையே அட்டையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன் என்னும்போது, ஓக்கர்ஃபெல்ட் தன் தாய்மொழியில் இயல்பாக வாய்திறந்து பாடுவதைக் கேட்பது எனக்குப் பெரிய இழப்பாக இல்லை. உறுமல் இல்லாத நான்கில் சிறந்தது அதுவே என்பேன். காக்கா அதை முழுதாகக் கேட்டாரா என்பதே சந்தேகம்.

பிறகுதான் 2024. ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஒரு கதையைச் சொல்கிறது: செத்துப்போன ஒரு பணக்காரக் குடும்பத் தலைவரின் உயிலை வாரிசுகள் முன் வாசிக்கிறார்கள், அதில் குடும்ப ரகசியங்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. பாடல்களுக்குப் பெயர்கூட இல்லை. கடைசிப் பாட்டைத் தவிர மற்றவை உயிலின் பத்தி எண்களாகவே இருக்கின்றன. உறுமல் பெரும்பாலும் அந்த இறந்துபோன தகப்பனின் குரலாக வருகிறது. செத்தவர் வந்து, இருப்பவர்களிடம் கணக்குக் கேட்கிறார். அப்பத்தா இருந்திருந்தால் இதற்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. டிரம்ஸில் இப்போது வால்தெரி வாய்ருனென். இதற்கு முன் பாரடைஸ் லாஸ்ட் குழுவில் வாசித்தவர். அந்தக் குழுவும் 1999-இல் ‘ஹோஸ்ட்’ என்ற மின்னணு ஆல்பத்தைப் போட்டு ரசிகர்களைக் கலங்கடித்து, 2015-இல் உறுமலுக்குத் திரும்பிய குழுதான்.

துபாயிலிருந்து காக்கா அனுப்பிய குரல்செய்தியில் முதல் பாதி கொண்டாட்டம். “வந்துட்டான் தம்பி, வந்துட்டான்!” இரண்டு வாரம் கழித்து வந்த குரல்செய்தியில் குரல் இறங்கியிருந்தது. உறுமல் வந்துவிட்டது, ஆனால் பாட்டு பழையபடி இல்லை என்றார். சரியாகத்தான் சொன்னார். ‘பிளாக்வாட்டர் பார்க்’ என்ற 2001 ஆல்பத்தின் காலத்துப் பாடல்களில் ஒரு ரிஃப் பிடித்துவிட்டால் அதை எட்டுத் தடவை, பதினாறு தடவை வாசித்து நம்மை அதற்குள் உட்காரவைப்பார்கள். புதிய ஆல்பத்தில் எதுவும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. வயலின்களும் ஆர்கனும் கதைசொல்லியின் பேச்சும் மாறி மாறி வந்து, பாடல்கள் முன்பைவிடச் சுருக்கமாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன. உறுமல் இல்லாமல் கழித்த நான்கு ஆல்பங்களில் கற்றுக்கொண்டது அத்தனையும் இதில் இருக்கிறது. அந்த ஆண்டுகள் நடக்கவே இல்லை என்பதுபோன்ற ஒரு ஆல்பத்தைக் காக்கா எதிர்பார்த்தார்.

தங்கச்சிமடத்தான் சோர்ந்துதான் போனான். அவனைப் பொறுத்தவரை, மிக்கேலண்ணன் பதின்மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக நின்றுவிட்டுக் கடைசியில் காக்கா மாதிரி ஆட்களின் நச்சரிப்புக்கு இறங்கிவந்துவிட்டார். உறுமல் கதைக்குத் தேவைப்பட்டது என்று எவ்வளவு சொன்னாலும் ஏற்பதில்லை. “கதைய முதல்ல யோசிச்சாரா, உறுமலையா?” என்று கேட்கிறான். அவனுடைய ஓப்பெத்தில் உறுமல் என்றைக்கும் இருந்ததில்லை. அவனுக்கு இதுதான் பாணி மாற்றம். 2011-இல் காரில் காக்கா என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தாரோ, அதே முகத்தை இப்போது இவனிடம் பார்க்கிறேன். இருவருக்கும் இது தெரியவில்லை.

எனக்கு அந்த ஆல்பம் மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே பாட்டுக்குள் திரும்பியதால் மென்மையான இடங்களுக்கு மறுபடி எடை வந்திருக்கிறது என்பது என் கட்சி. கடைசிப் பாட்டான ‘எ ஸ்டோரி நெவர் டோல்ட்’ முழுக்கத் தெளிவான குரலில் மெல்லப் போகிறது; இதே பாட்டு ‘சோர்சர’ஸில் இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன், இங்கே உறுமல் பாடல்களைக் கடந்து அதை வந்தடையும்போது அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் இதையும் காக்கா ஒப்புக்கொள்வதில்லை, அவனும் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த முறை ஓப்பெத் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்தால் மூவருமாகப் போவது என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம். ‘டெலிவரன்ஸ்’ வாசித்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும் என்கிறார் காக்கா. ‘ஃபேமின்’ வாசிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன் என்கிறான் மற்றவன். தேதி மட்டும் தடைக்காலத்துக்குள் விழ வேண்டும். இல்லாவிட்டால் அவன் படகை விட்டு வர மாட்டான்.